போல்ட் தலையைப் படிக்காத சனிக்கிழமை

அந்தக் கடையில் அவருக்குப் பேர் முத்திரை. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சட்டைப் பையில் சும்மா கிடந்தது. டிரெய்லருக்குச் சங்கிலி வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் "கையில இருக்குறதுல முத்திரை இருக்கா?" என்று கேட்டுவிடுவார். ஏதோ கள்ள நோட்டைக் கொண்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை வேறு. வந்தவர்கள் எரிச்சலில் வைத்த பேர், நாளடைவில் மரியாதையான பேராகிவிட்டது.

வேலை என்னவோ எளிமையானதுதான். காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இடத்தில் ஒரு கப்ளிங் இருக்கும். அது எப்போதாவது கழன்றுவிட்டால் டிரெய்லர் தன் பாட்டுக்கு ஊர் சுற்றக் கிளம்பிவிடாமல் பிடித்துக்கொள்ள, இரண்டு பக்கமும் இரண்டு சங்கிலி. சங்கிலியை வண்டியோடு இணைப்பது ஷாக்கிள் என்கிற குதிரை லாட வடிவ வளையம். அந்த வளையத்தின் வாயை மூடுவது குறுக்கே ஓடுகிற ஒரு போல்ட். சங்கிலி, ஷாக்கிள், போல்ட் மூன்றிலும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும்; அந்தப் பொறிப்புதான் முத்திரை. இதைத்தான் அவர் இருபத்திரண்டு வருஷமாக அந்த நீள மேஜைக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏத்தின பாரம் எவ்வளவுன்னு சொல்லுங்க. காலி வண்டி பாரம் எனக்கெதுக்கு? செயின் ரெண்டு டன், ஷாக்கிள் ரெண்டு டன், நடுவுல மட்டும் கதவுக்கு மாட்டுற போல்ட்டுன்னா, உங்க செயினும் கதவு செயின்தான். ரெண்டையும் அடியில குறுக்கா போடுங்க. டிரெய்லர் மூக்கு கழண்டு விழுந்தா தொட்டில்ல விழுற மாதிரி விழணும், ரோட்டுல குத்தக் கூடாது. திரும்பும்போது இழுக்காத அளவுக்கு நீளம் விடுங்க, தரையில உரசுற அளவுக்கு விடாதீங்க."

"கப்ளிங் புதுசுண்ணே, அதெல்லாம் கழலவே கழலாது" என்று எவனாவது சொல்லிவிட்டால் போச்சு. "கழலாதுன்னா செயின் எதுக்கு, அழகுக்கா?" என்பார். பக்கத்தில் நிற்கிற நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆளுக்கு ஒரு பலவீனம் உண்டு, இவருக்கு இது.

போல்ட்டில்தான் வம்பே. தாங்கும் போல்ட்டும் தாங்காத போல்ட்டும் அச்சில் வார்த்த அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தலையில் பொறித்த எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தலையைப் படிப்பார். எழுத்து சரியாக இருந்தால் வாலில் ஒரு துளி மஞ்சள் பெயின்ட். 'தலையைப் படி, வாலில் அடி' என்பது அவர் கடைப் பையன்களுக்குச் சொல்லிவைத்த பாடம். வாலில் மஞ்சள் இருந்தால் முத்திரைக்காரர் பார்த்தாச்சு என்று அர்த்தம். சந்தைக்கு வருகிற டிரெய்லர்காரர்கள் பாதிப் பேர் எழுத்தைத் தேடுவதையே விட்டுவிட்டு மஞ்சளைத் தேடினார்கள்.

அப்படிப்பட்டவர் கெட்டது ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

டிரைவர்கள் சங்கக் கூட்டத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 'பாதுகாப்பான சங்கிலி தேர்ந்தெடுப்பது எப்படி' என்று தலைப்பு; கதவில் நோட்டீஸ்கூட ஒட்டியிருந்தார்கள். மேடை ஏறப் போகிறோம், காதோரம் நரைத்திருக்கிறதே என்று அவருக்கு ஒரே கவலை. சலூனுக்கு ஆறு மணிக்குப் போயாக வேண்டும். மேஜைக்கு அடியில் ஒரு டின் நிறைய போல்ட் கிடந்தது. திங்கட்கிழமைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். புதுசும் இருந்தது, வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த பழசும் அதிலேயே கலந்து கிடந்தது. ஒவ்வொன்றாகப் படித்தால் அரை மணி நேரமாவது ஆகும். அவர் படிக்கவில்லை. கை நிறைய அள்ளி, தலை வால் பார்க்காமல் மொத்தமாகப் பெயின்ட்டில் முக்கிக் காகிதத்தில் பரப்பிவிட்டுக் கிளம்பினார். தன் தலைக்குச் சாயம் பூசப் போகிற அவசரத்தில் போல்ட் தலைகளுக்கும் பூசிவிட்டார்.

கூட்டத்தில் கைதட்டல் பலமாக இருந்தது. திங்கட்கிழமை அந்த டின்னை அவர் மறந்தே போனார்.

அவருடைய அக்கா செடி விற்கிறவள். பூச்செடி, பழக்கன்று எல்லாம் தொட்டியோடு டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பைத் தானே ஓட்டி, ஞாயிறு சந்தைக்குக் கொண்டுபோவாள். ரிவர்ஸ் எடுப்பதில் அவளை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் இல்லை. மாமாவுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, டிரெய்லர் மாட்டிய வண்டியைப் பின்னுக்கு எடுக்கவே வராது. இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகும், இவர் டிரெய்லரைத் திட்டுவார். அக்காவின் சங்கிலிக்கு மாதம் ஒரு தடவை எண்ணெய் போட்டு, தேய்ந்ததை மாற்றிக் கொடுப்பது தம்பியின் வேலை. அந்த மாதம் இரண்டு போல்ட்டும் மாற்றினார். மஞ்சள் போல்ட்.

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை புதுக் கன்றுகள் ஏற்றி வந்த வழியில், வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கும்போது அக்காவின் கப்ளிங் கழன்றது. இடது சங்கிலி பிடித்தது. வலது பக்கத்து போல்ட் ஒடிந்தது. ஒற்றைச் சங்கிலியில் தொங்கிய டிரெய்லர் பக்கவாட்டில் சுழன்று நடைபாதையில் ஏறி, தபால் கொடுத்துக்கொண்டிருந்த தபால்காரரின் காலை முறித்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மனுஷன் நடந்து பிழைக்கிறவர்.

அன்றைக்கு மத்தியானம் அக்கா வீட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஒடிந்த துண்டை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். "மாப்ள, நீ பார்த்துச் சொல்லு. உனக்குத் தெரியாததா?" என்று நீட்டினார்.

அவர் வாங்கினார். தலையில் மஞ்சள் தடிமனாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். அடியில் ஒரு எழுத்தும் இல்லை. வழுவழுவென்று இருந்தது. அந்த நொடியில் சனிக்கிழமை, டின், சலூன் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. 

"கப்ளிங்கை நான் பூட்டினேன்டா," என்றாள் அக்கா. அழுது முகம் வீங்கியிருந்தது. "டக்குனு சத்தம் கேட்டுச்சு. கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. இல்ல, கேட்கலையோ என்னவோ. நீ சொல்லு தம்பி, என் தப்பா?"

அவர் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "கப்ளிங் சரியா உட்காரலை போலிருக்கு," என்றார்.

சொன்னது பொய் இல்லை. கப்ளிங் உட்காராமல்தான் இருந்திருக்கும். உட்கார்ந்திருந்தால் ஏன் கழல்கிறது? ஆனால் கழலும் நாளுக்காகத்தானே சங்கிலி? இதைச் சொல்லித்தானே இருபத்திரண்டு வருஷம் கைதட்டல் வாங்கினார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக்கூட மன்னிக்கலாம், அவன் பூசணிக்காயைத்தான் மறைக்கிறான். இவர் பாதி உண்மையை வைத்து மீதி உண்மையை மறைத்தார். அதுவும் பழியைக் கூடப் பிறந்தவள் தலையில் போட்டு.

"நான் அப்பவே சொன்னேன், அவசரப்படாதேன்னு," என்றார் மாமா.  அக்கா அன்றோடு ஜீப் சாவியைக் கொண்டுபோய் மாமாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் ஆறு வாரம். அக்கா வாரம் தவறாமல் தபால்காரர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியின் முன்னால் குனிந்து நின்றுவிட்டு வந்தாள். சந்தைக்கு இப்போது மாமாதான் ஓட்டினார். அவள் பக்கத்து சீட்டில் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி வந்தாள். வேகத்தடை வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒடிந்த பக்கத்துக்குப் புது போல்ட் போட்டுக் கொடுத்தபோது மாமா குனிந்து பார்த்து, "என்ன மாப்ள, மஞ்சள் அடிக்கலையா?" என்றார். "பெயின்ட் தீர்ந்து போச்சு மாமா." ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள், அவருக்கு அது இரண்டாவது. இடப் பக்கத்தைத் தொடவே அவருக்குத் தைரியம் வரவில்லை. அதுதான் தாங்கியதே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கடையில் அவர் குரல் இறங்கிவிட்டது. "முத்திரை இருக்கா?" என்று கேட்க வாய் வரவில்லை. "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றார்கள். கண்ணாடியில் காதோரம் கறுப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அருவருப்பாக இருந்தது. சாயம் வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த டின்னில் இருபத்துநாலு போல்ட். அதுவேறு அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எத்தனை நல்லது, எத்தனை கெட்டது என்று தெரியாது. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு டிரெய்லரின் அடியில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால் ஒரு நாளில் முடிகிற வேலை. சொன்னால் அக்காவுக்குத் தெரியும். அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கெட்டிக்காரத்தனமான வழி என்று அவரே நினைத்துக்கொண்டார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமைகளில், சந்தை சூடு பிடிக்கும் முன்னால், டிரெய்லர்கள் நிறுத்துகிற மைதானத்துக்குப் போவார். ஒரு பையில் ஸ்பேனர், ஒரு பையில் நல்ல போல்ட்டுகள். சொந்தக்காரர்கள் சாமான் இறக்கிக் கடை விரிக்கப் போன நேரமாகப் பார்த்து, டிரெய்லருக்கு டிரெய்லர் குனிந்து மஞ்சள் தலையைத் தேடுவார். கிடைத்தால் நகத்தால் சுரண்டுவார். எழுத்து இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கழற்றி, நல்லதை மாட்டிவிட்டு, கெட்டதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, எதுவுமே நடக்காத மாதிரி வானத்தைப் பார்ப்பார். நாலு வாரத்தில் பதினைந்து பார்த்தாயிற்று. ஐந்து மாற்றியாயிற்று. அக்காவின் இரண்டு போக, இன்னும் ஏழு எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

ஐந்தாவது ஞாயிறு மெத்தைக்காரரின் டிரெய்லர். மெத்தைகளைக் கயிற்றால் கட்டி மலை மாதிரி ஏற்றியிருந்தது. அடியில் படுத்தே பார்க்க வேண்டியிருந்தது. வலப்பக்கம் மஞ்சள் தலை. சுரண்டினார், வழவழ. போல்ட்டைக் கழற்றிக் கையில் எடுத்தபோது, அவர் கணுக்காலை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"யோவ், வெளிய வா! என்ன பண்ணிட்டிருக்கே?"

மெத்தைக்காரர் நல்ல ஆகிருதி. தரையில் கிடந்த ஸ்பேனரையும் இவர் கையிலிருந்த போல்ட்டையும் பார்த்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "போன வாரம் என் ஜாக்கி காணாமப் போச்சு. இன்னைக்குச் செயினையே கழட்டுறான் பாருங்கய்யா!"

சந்தையில் கூட்டம் சேரக் கேட்கவா வேண்டும்? யாரோ பையைத் தடவி, மூன்று போல்ட்டுகளை வெளியே எடுத்தார்கள். ஒன்று மஞ்சள், போன வாரம் கழற்றியது. "அட, முத்திரைக்காரர்ல?" என்றது ஒரு குரல். "வேலியே பயிரை மேஞ்சா..." என்றது இன்னொன்று.

"ஏன்யா, சொல்லித் தொலையேன். எதுக்குக் கழட்டினே?"

இங்கேதான் அவர் செய்த காரியத்தைப் பாருங்கள். ஒரு வார்த்தை, 'இது கெட்ட போல்ட், மாற்ற வந்தேன்' என்று சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். அடுத்த கேள்வி வரும்: இதில் மஞ்சள் அடித்தது யார்? அந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்தார். திருடன் என்கிற பேர் பரவாயில்லை என்று தோன்றியது. உண்மையிலேயே தோன்றியது. தலையைக் குனிந்து, சட்டையெல்லாம் மண்ணோடு, பேசாமல் நின்றார்.

சந்தை அலுவலகம் ஒரே அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, 'நீல கலர் வண்டி வழியை மறிக்குது' என்று அறிவிக்கிற மைக். மேலாளர் அம்மா அவரைப் பார்த்துவிட்டு, "இவர் செடிக்கடை அக்காவோட தம்பிதானே?" என்றாள். ஆள் அனுப்பினார்கள்.

அக்கா வந்தாள். கையில் செடி மண். பின்னாலேயே மாமா. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம், ஆறு வாரமாக அடங்கிக் கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"யாரைத் திருடன்ங்கிறீங்க? என் தம்பியையா? அடுத்தவன் ஆணி ஒண்ணு ரோட்டுல கிடந்தாக்கூட எடுத்து ஓரமா வைக்கிறவன் அவன். அவன் உங்க வண்டியில கை வச்சான்னா, அதுல ஏதோ கோளாறு இருக்குன்னு அர்த்தம். அவன் கண்ணுல பட்டா ஒரு கெட்ட போல்ட்டு தப்பாது. என் வண்டி விஷயத்துலகூட, சொந்த அக்கான்னு பார்க்காம, தப்பு என்னோடதுன்னு நேரா மூஞ்சியில சொன்னவன். அப்படிப்பட்டவனைப் போய்..." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "டேய், நீ ஏன்டா ஊமை மாதிரி நிக்கிறே? சொல்லேன்டா!"

அவரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பார்.

"அக்கா, அதுல மஞ்சள் அடிச்சது நான்தான்," என்றார்.  "தலையைப் பார்க்காம அடிச்சேன். ஒரு டின் முழுக்க. கூட்டத்துக்குப் போகணும், முடிக்குச் சாயம் அடிக்கணும்னு... பார்க்கலை. அதுல ஒண்ணைத்தான் உன் வண்டியில மாட்டினேன்."

 மாமா சுவரைப் பார்த்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு," என்றாள் மெதுவாக, "கையில வாங்கிப் பார்த்தியே. சுரண்டினியே."

"ம்."

"அப்பவே தெரியுமா?"

அவர் தலையாட்டினார்.

"என் தப்பான்னு கேட்டேனே."

  அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கையிலிருந்த மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேலாளர் அம்மாவிடம் கேட்டாள்: "அந்த மைக் எல்லா இடத்துக்கும் கேட்குமா?"

"கேட்கும்."

"இன்னும் எத்தனை வண்டியில இருக்காம்?" கேள்வி பொதுவாக, அறையிலிருந்த எல்லோரிடமும் கேட்கிற மாதிரி வந்தது.

"ஆறு," என்றார் அவர். "ஆறு தெரியலை."

மேலாளர் அம்மா மைக்கை அவர் பக்கம் தள்ளினாள். அவர் பேசினார். சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியவர், இங்கே நாலு வாக்கியம் பேசுவதற்குள் வேர்த்து நனைந்துவிட்டார். மஞ்சள் அடித்த போல்ட் உள்ளவர்கள் கழற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். மஞ்சளை நம்ப வேண்டாம். பார்க்காமல் அடித்தவன் நான். செடிக்கடை வண்டி விபத்தும் அதனால்தான், ஓட்டியவர் மேல் தப்பில்லை. தன் குரல் சந்தையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வருவதைக் கேட்டபடி நின்றார்.

வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வாசலில் வரிசை நின்றது. அவர் மேஜையில் உட்கார்ந்து, கத்தி முனையால் மஞ்சளைச் சுரண்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு தலையாகப் படித்தார். "நல்லது." "இது வேண்டாம், புதுசு தர்றேன்." சிலர் திட்டினார்கள். ஒருவர், "உன்னை நம்பி புள்ளைங்களை ஏத்திட்டுப் போனேனேய்யா," என்றார். சிலர் முகத்தைப் பார்க்காமல் போல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.  அவர் தலை நிமிரவில்லை. மேஜைக்கு வருகிற கைகளை மட்டும் பார்த்தார்.

அடுத்து வந்த கையில் நகக்கண்ணெல்லாம் செடி மண் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு போல்ட்டை மேஜை மேல் வைத்தது. இடப் பக்கத்து போல்ட்.

"இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க," என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்தார். பிறந்த நாளிலிருந்து அவள் வாயில் அவருக்கு 'டேய்' உண்டு, 'தடியா' உண்டு, கோபம் வந்தால் அதைவிட மோசமானதும் உண்டு. 'ங்க' வந்ததே இல்லை.

"அக்கா..."

"பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

கத்தி முனையால் சுரண்டினார். மஞ்சள் உரிந்து வந்தது. எழுத்து முழுசாக, தெளிவாக இருந்தது.

"நல்ல போல்ட்டுதான்," என்றார்.

"சரிங்க," என்று எடுத்துக்கொண்டு அவள் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் தன் போல்ட்டை மேஜையில் வைத்தார்.